மணப்பாட்டுத் திருநாளும் மூன்று படங்களும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் அவர்கள் தொலைபேசியில் கூப்பிட்டு, "உங்க துறையைப் பத்தி இருபது நிமிஷம் பேசணும் தம்பி" என்றார். என் துறை கடற்கரைக் கட்டுமானம். மதியச் சாப்பாடு முடிந்த கையோடு ஒருவர் கான்கிரீட் பற்றி இருபது நிமிடம் பேசினால் கேட்பவர்கள் கதி என்ன ஆகும் என்பது, நாலு வருஷம் கடைசி பெஞ்சில் இருந்த எனக்கு நன்றாகவே தெரியும். அதனால் எங்கள் ஊர்த் திருநாளைப் பற்றிப் பேசுகிறேன் என்று சொன்னேன். அவர் கொஞ்சம் தயங்கி, "அதுல இஞ்சினியரிங் ஏதாவது வருமா?" என்று கேட்டார். வரும் சார் என்றேன். கொடுத்த வாக்கைக் காப்பாற்ற முயற்சி செய்கிறேன்.

என் ஊர் மணப்பாடு. தூத்துக்குடி மாவட்டத்தில், திருச்செந்தூருக்குத் தெற்கே சுமார் 18 கிலோமீட்டர். ஒரு பக்கம் பனங்காடும் தேரி மணலும், மறு பக்கம் கடல். கடலுக்குள் மூக்கு நீட்டியதைப் போல ஒரு மணல்குன்று. அதைச் சாதாரண மணல் என்று நினைத்துவிடக் கூடாது. காற்று கொண்டுவந்து குவித்த மணலும் சிப்பித் தூளும் சுண்ணாம்புச் சத்தால் இறுகிப் பாறையாகிப் போனது. அந்தக் குன்றின் உச்சியில் இருப்பதுதான் திருச்சிலுவை ஆலயம். செப்டம்பர் தொடக்கத்தில் கொடியேறும். 14-ஆம் தேதி திருநாள். அது உலகம் முழுவதும் கத்தோலிக்கர்கள் திருச்சிலுவையின் மகிமையைக் கொண்டாடும் நாள். எருசலேமில் கான்ஸ்டன்டைன் மன்னர் கட்டிய கல்லறை ஆலயம் 335-ஆம் ஆண்டு செப்டம்பர் நடுவில் அர்ச்சிக்கப்பட்டதை ஒட்டி வந்த நாள் அது. எங்களுக்கு அது ஊர்த் திருநாள், அவ்வளவுதான். தீபாவளி, பொங்கல், கிறிஸ்துமஸ் எதற்கு வராதவனும் அதற்கு வந்துவிடுவான்.

அந்தச் சிலுவை எங்களுக்கு எப்படி வந்தது என்று ஒரு கதை உண்டு. 1540-இல் ஒரு போர்ச்சுகீசிய வணிகக் கப்பல் கிழக்கே வரும்போது புயலில் சிக்கிக்கொண்டது. பாய் கிழிந்து பாய்மரம் முறிந்தது. கரை சேர்ந்தால் இந்த முறிந்த மரத்தில் சிலுவை செய்து நட்டுவைக்கிறேன் என்று கப்பல் தலைவர் நேர்ந்துகொண்டார். கப்பல் எங்கள் கரைப் பக்கம் வந்து ஒதுங்கியது. சொன்ன சொல்லைக் காப்பாற்றிக் குன்றின் மேல் சிலுவையை நட்டார். இன்னொரு விதமாகவும் சொல்வார்கள். கரையில் ஒதுங்கிக் கிடந்த மரத்தில் ஊர்க்காரர் ஒருவர் காலில் ஒட்டிய அசுத்தத்தைத் தேய்த்துத் துடைத்தாராம். கால் வீங்கிவிட்டது. அன்று இரவு கனவில் கேட்டபடி மரத்தைக் கழுவி, எண்ணெய் பூசி, குன்றில் நிறுத்தினார். வீக்கம் வடிந்தது. எங்க ஆச்சி இந்த இரண்டாவது கதையைத்தான் சொல்வாள். கடற்கரையில் கிடக்கும் எதையும் காலால் தள்ளக்கூடாது என்பதற்காகச் சொன்னாளோ என்னவோ, இன்றைக்கும் கரையில் ஒரு கட்டை கிடந்தால் நான் சுற்றித்தான் போவேன்.

செயலாளருக்கு வாக்குக் கொடுத்த இஞ்சினியரிங் இங்கேதான் முதலில் வருகிறது. பாய்மரத்தை இருபுறமும் இழுத்துப் பிடித்திருக்கும் தாங்குகயிறு அறுந்துவிட்டால் அது வெறும் கான்டிலீவர். அடியில் மட்டும் பிடிப்பு, மேலே முழுக்கக் காற்றின் சுமை. வளைவுத் திருப்பம் எங்கே அதிகம்? அடியில். முறிவதும் அங்கேதான். மூன்றாம் செமஸ்டரில் எங்கள் பேராசிரியர் கான்டிலீவர் படம் போட்டபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது எங்கள் ஊர்ச் சிலுவைதான். முறிந்த கான்டிலீவரை எடுத்து மறுபடி ஒரு கான்டிலீவராகவே நட்டிருக்கிறார்கள், அதுவும் காற்று ஓயாத ஒரு முனையில்!

1542-இல் புனித பிரான்சிஸ் சவேரியார் முத்துக்குளித்துறைக்கு வந்தார். குன்றின் கடல் பக்கம் உள்ள குகையில் அவர் தங்கி ஜெபித்ததாக இன்றும் காட்டுவார்கள். மணப்பாட்டிலிருந்து அவர் எழுதிய கடிதங்கள் இருக்கின்றன. 1544 ஜூன் மாதக் கடிதம் ஒன்றை நான் பலமுறை படித்திருக்கிறேன். வடுகர் படை வந்ததால் கன்னியாகுமரிப் பக்கத்து மக்கள் கடலுக்குள் நிற்கும் பாறைகளில் ஏறிப் பசியும் தாகமுமாய்க் கிடக்கிறார்கள் என்ற செய்தி அவருக்கு வருகிறது. மணப்பாட்டிலிருந்து 20 தோணிகளில் உணவு ஏற்றிக்கொண்டு புறப்படுகிறார். ஆனால் காற்று எதிர்த்து அடித்தது. போய்ச்சேர முடியாமல் திரும்பி, பிறகு தரைவழியாக நடந்து போனார். ஜூன் மாதம் எங்கள் கடலில் தெற்கே போவது என்றால் என்ன என்று எங்க அப்பாவிடம் கேளுங்கள், சொல்வார். சவேரியாரைத் திருப்பி அனுப்பிய அந்தக் காற்றை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பேச்சில் அது மறுபடியும் வரும்.

இன்றுள்ள திருச்சிலுவை ஆலயம் 1581-இல் எழுந்தது என்பார்கள். ஆண்டவரின் சிலுவையில் ஒரு சிறு துண்டு என்று போற்றப்படும் அருளிக்கம் அங்கே இருக்கிறது. அதைக்கொண்டு கொடுக்கும் ஆசீரைப் பெறத்தான் திருநாளில் அத்தனை கூட்டமும் வருகிறது.

சின்ன வயதில் எனக்குத் திருநாள் என்றால் முதலில் வாசனை. மெழுகுவர்த்திப் புகை, உடன்குடிக் கருப்பட்டிக் காபி, ராட்டினக்காரனின் டீசல், ஈர மணல். எங்கெங்கோ உள்ள சொந்தமெல்லாம் வந்து இறங்கும். மும்பையில் வேலை பார்க்கும் மாமா வருவார். கப்பலுக்குப் போன சித்தப்பா லீவு கிடைத்தால் வருவார். வீட்டில் படுக்க இடம் இருக்காது. பாய் எடுத்துக்கொண்டு மணலுக்குப் போய்விடுவோம். உள்நாட்டு ஊர்களிலிருந்து வருபவர்கள் குன்றடியில் தங்குவார்கள். அவர்களில் எல்லா மதத்தாரும் உண்டு. "ஒங்க சிலுவைக்கு எங்க வீட்டுல ஒரு நேர்ச்சை இருக்கு" என்று சொல்லிக்கொண்டு வருடம் தவறாமல் எங்கள் வீட்டுக்கு வரும் ஒரு இந்துக் குடும்பம் இருந்தது. வரும்போது ஒரு ஓலைப்பெட்டி நிறையப் பனங்கிழங்கோ கருப்பட்டியோ கொண்டுவருவார்கள். போகும்போது கருவாடு கொண்டுபோவார்கள். சில வாரம் கழித்து, வடக்கே குலசேகரப்பட்டினத்தில் முத்தாரம்மன் தசரா. அதற்கு எங்கள் தெருப் பையன்கள் எல்லாம் வேடிக்கை பார்க்கப் போவோம்.

இந்தத் திருநாளில் ஒரு காரியம் எங்கள் வீட்டில் தவறாது. காலைத் திருப்பலி முடிந்ததும் படம் எடுப்பது. அந்தக் காலத்தில் எல்லார் கையிலும் கேமரா ஏது? திருநாளுக்கென்று வரும் போட்டோகிராபர்கள் குன்றுக்கு ஏறும் வழியில் நிற்பார்கள். ஒரு மதிற்சுவர் மூலை உண்டு. அங்கே நின்றால் பின்னால் கடலும், படகு ஏற்றி வைக்கும் கரையும் அழகாகத் தெரியும். அதனால் எல்லாக் குடும்பமும் அங்கேதான் நிற்கும். எல்லார் வீட்டுச் சுவரிலும் அந்த ஒரே மூலைதான் தொங்கும். ஆட்கள்தான் வேறு.

2008 திருநாளுக்கு நம் விடுதியிலிருந்து ஆறு பேர் என்னோடு வந்தார்கள். மூன்று பேர் இதோ இங்கே உட்கார்ந்திருக்கிறார்கள், சிரிக்கிறார்கள். அதில் ஒருவன் எங்க அம்மா வைத்த மீன்குழம்பில் மூன்று தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, குன்றில் ஏற முடியாமல் பாதியில் உட்கார்ந்தான். பெயர் சொல்லமாட்டேன். இப்போது அவன் ஒரு பெரிய பாலத்துக்குப் பொறுப்பில் இருக்கிறான்.

இனி நான் சொல்லவந்த விஷயத்துக்கு வருகிறேன்.

2021 ஜூலை. நான் வெளியூரில் வேலையில் இருந்தேன். விடிகாலையில் தங்கச்சி போன் செய்தாள். அப்பா வந்த பைபர் படகு, கரைக்கு வரும்போது மணல்திட்டில் எழுந்த அலையில் புரண்டுவிட்டது. கூட இருந்த இரண்டு பேரும் நீந்தி வந்துவிட்டார்கள். அப்பா மேல் படகு விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. அவருக்கு அப்போது 62 வயது. நாற்பது வருஷத்துக்கு மேல் அந்தக் கடலில் போய்வந்தவர். நடுக்கடலில் எத்தனையோ காற்றைப் பார்த்தவருக்கு, கரையிலிருந்து கூப்பிடுதூரத்தில் இப்படி ஆனது.

ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் முடிந்து கட்டிலில் படுத்திருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "ஏலே, ஒன்கிட்ட ஒண்ணு கேக்கணும்" என்றார். "அந்த இடத்துல முந்தி மணலு கெடையாது. கண்ணை மூடிக்கிட்டு வருவோம். இப்ப அது எங்கேருந்து வந்துச்சு? படிச்சவன் நீ, சொல்லு பாப்போம்."

என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. அடுத்தவர் ஊர்க் கடற்கரைகளுக்கெல்லாம் அறிக்கை எழுதிச் சம்பளம் வாங்குபவன் நான். என் அப்பா படகு புரண்ட இடத்தைப் பற்றி என்னிடம் ஒரு அளவும் இல்லை.

பொதுவான விடை எனக்குத் தெரியும். அதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். கரையோர மணல் ஓரிடத்தில் நிற்பதில்லை. அலை கரைக்குச் சாய்வாக வந்து மோதும்போது மணலைத் தூக்கி ஒரு பக்கமாக நகர்த்துகிறது. தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கும் மாதங்களில் மணல் தெற்கிலிருந்து வடக்கே போகும். வடகிழக்குப் பருவக்காற்றில் திரும்பித் தெற்கே வரும். எங்கள் மீனவர்களுக்கு இதெல்லாம் புத்தகத்தில் படித்துத் தெரியவேண்டியதில்லை. வடக்கே ஓடும் நீரோட்டத்துக்குச் சோநீவாடு என்றும், தெற்கே ஓடுவதற்கு வாநீவாடு என்றும் பெயர் வைத்திருக்கிறார்கள். சவேரியாரின் தோணிகளைத் திருப்பி அனுப்பிய அதே காற்றுக்காலம்தான் எங்கள் மணலை வடக்கே தள்ளுகிற காலமும். நடுவில் எங்கள் குன்று மூக்கை நீட்டிக்கொண்டு நிற்கிறது. குன்றின் மறைவில் நீரின் வேகம் குறையும். வேகம் குறைந்தால் சுமந்துவந்த மணலைப் போட்டுவிடும். அப்படிப் போட்டுப் போட்டு நாக்கு மாதிரி நீண்ட மணல்திட்டுதான் மணப்பாட்டின் அடையாளம். பக்கத்திலேயே கரமணியாறு கடலில் சேர்கிறது. ஆற்றில் வெள்ளம் வரும் வருஷம் ஒரு மாதிரி, வராத வருஷம் வேறு மாதிரி.

ஆனால் அப்பா கேட்டது இதை அல்ல. "எப்போதிலிருந்து? எவ்வளவு?" என்று கேட்டார். பழைய செயற்கைக்கோள் படங்களைப் பார்த்தேன். லேண்ட்சாட் 1972-இல் இருந்து படம் எடுக்கிறது. ஆனால் அந்தத் தொடக்ககாலப் படங்களில் ஒரு புள்ளி என்பது தரையில் ஏறத்தாழ 80 மீட்டர். எங்கள் படகுகள் நிற்கும் கரை முழுவதும் சில புள்ளிகளுக்குள் அடங்கிவிடும். அப்பாவுக்கு அதைக் காட்டினால், "இதுல ஒண்ணும் வெளங்கலியே" என்பார். நியாயம்தான், எனக்கும் விளங்கவில்லை.

அப்பாவை வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு ஒரு நாள் அவர் கட்டிலுக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன். தலைக்கு மேல் சுவரில் இரண்டு படம். ஒன்று 1985 திருநாளில் எடுத்தது, கல்யாணமான புதிதில் அப்பாவும் அம்மாவும். இன்னொன்று 2004 திருநாள். அப்பா, அம்மா, 16 வயதில் நான், தங்கச்சி. அதே மதிற்சுவர் மூலை. ஆட்களைத்தான் இத்தனை நாளும் பார்த்திருக்கிறேன். அன்றைக்குத்தான் ஆட்களுக்குப் பின்னால் பார்த்தேன். அப்பாவின் தோளுக்குப் பின்னால் கரை இருந்தது. இரண்டு படத்திலும் அது ஒரே இடத்தில் இல்லை.

படத்தைக் கழற்றினேன். அம்மா சண்டைக்கு வந்துவிட்டாள். "ஒனக்குப் பாடம் படிக்க எங் கல்யாணப் படந்தானா கெடச்சுது?" என்றாள். ஸ்கேன் எடுத்து அன்றே திருப்பி மாட்டிவிடுகிறேன் என்று சத்தியம் செய்த பிறகுதான் விட்டாள்.

யோசித்துப் பாருங்கள் நண்பர்களே. பழைய குடும்பப் படங்களில் தேதி இருக்காது. ஆனால் இந்தப் படங்களுக்குத் தேதி எழுதவேண்டியதே இல்லை. எல்லாம் செப்டம்பர் 14. வருஷம் மட்டும் தெரிந்தால் போதும். அதை எந்த வீட்டு அம்மாவும், "இது மூத்தவ பால்குடிக்கிற வருஷம்" என்று கணக்கு வைத்துச் சொல்லிவிடுவாள். பருவம் எப்போதும் ஒன்றே, தென்மேற்குக் காற்று ஓயப்போகும் நேரம். நிற்கும் இடமும் ஒன்றே. நாம் சர்வேயில் பெஞ்ச்மார்க் என்று ஒரு கல்லைத் தேடி அலைவோமே, இங்கே ஊரே சேர்ந்து ஒரு சுவர் மூலையைப் பெஞ்ச்மார்க்காக வைத்திருக்கிறது, தெரியாமலே.

அடுத்து ஒரு சந்தேகம். கடல் ஏறி இருக்கும்போது எடுத்த படத்தையும் வற்றி இருக்கும்போது எடுத்த படத்தையும் ஒப்பிட்டால் தப்பாகிவிடாதா? ஆகும். எங்கள் பக்கம் ஏற்றவற்றம் ஒரு மீட்டருக்கும் குறைவுதான். ஆனாலும் சாய்வு குறைந்த கரையில் அது பல அடி தூரத்தை மறைத்துவிடும். ஏற்றவற்றத்தைத் தீர்மானிப்பது நிலா. செப்டம்பர் 14 ஒரு வருஷம் பௌர்ணமியில் வரும், ஒரு வருஷம் அஷ்டமியில் வரும்.

இங்கேதான் எனக்கு அதிர்ஷ்டம் அடித்தது. 19 வருஷத்துக்கு ஒருமுறை அதே தேதியில் அதே நிலா திரும்பி வரும். பழைய கிரேக்கர்களே கண்டுபிடித்த கணக்கு இது. 1985 செப்டம்பர் 14 அமாவாசை. அதோடு 19 கூட்டினால் 2004, அந்தத் திருநாளும் அமாவாசை. எங்கள் வீட்டுச் சுவரில் இருந்த இரண்டு படமும் ஒரே நிலாவில் எடுத்தவை! அடுத்தது 2023. பஞ்சாங்கத்தைப் பார்த்தேன், செப்டம்பர் 14 அமாவாசை. காத்திருந்தேன்.

எடுத்த நேரம்? அதற்கு நிழல் இருக்கிறது. ஒரே தேதி என்பதால் சூரியன் போகும் பாதை மாறாது. படத்தில் ஆளின் உயரம், நிழலின் நீளம், விழும் திசை தெரிந்தால் மணி என்ன என்று ஓரளவு சொல்லிவிடலாம். இரண்டுமே காலைத் திருப்பலி முடிந்து எடுத்தவை. நேரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை.

2023 திருநாளன்று அதே மூலையில் எங்கள் வீட்டார் எல்லோரையும் நிறுத்தினேன். அப்பா ஊன்றுகோலோடு நின்றார். அம்மா, என் மனைவி, என் மகள், வடக்கே ஒரு கடற்கரை ஊரில் வாழ்க்கைப்பட்ட தங்கச்சி, அவள் வீட்டுக்காரர், பிள்ளைகள். படத்தில் ஆள் நிறைந்துவிட்டார்கள். "கொஞ்சம் ஒதுங்குங்க, கரை மறைக்குது" என்று நான் சொல்ல, "இவனுக்கு நம்மளவிட மணலுதான் முக்கியம்" என்று அம்மா சொல்ல, எல்லாரும் சிரித்த நேரத்தில் எடுத்த படம் அது.

மூன்று படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அப்பாவிடம் காட்டினேன். 1985-இல் படகுகளுக்குப் பின்னால் உடனே தண்ணீர். 2004-இல் படகுக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு மணல்பட்டை. 2023-இல் தண்ணீர் இருந்த இடத்தில் மணல், அதற்கு வெளியே வெள்ளையாக அலை உடைகிறது. அலை உடைகிற அந்த இடத்தில் அப்பா விரலை வைத்தார். "இங்கதான்" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

இதில் இருக்கும் குறையையும் நான் சொல்லவேண்டும். இல்லையென்றால் முன்வரிசையில் இருக்கும் என் பேராசிரியர் என்னை விடமாட்டார். மூன்று புள்ளியை வைத்துக் கோடு போடக்கூடாது. 2004 படத்துக்கும் 2023 படத்துக்கும் நடுவில் 2004 டிசம்பர் 26 சுனாமி இருக்கிறது. கடுமையான பருவக்காற்று அடித்த வருஷங்களும் இருக்கின்றன. அதனால் தெருத் தெருவாகப் போய் மற்ற வீட்டுப் படங்களையும் கேட்டேன். காபி குடித்துக் குடித்து வயிறு கெட்டது. ஒரு வீட்டில் மாலை போட்ட படத்தைக் கழற்றிக் கொடுத்தார்கள். ஒரு வீட்டில், "படம் வேண்டாம் மக்கா, எனக்கு வாயாலயே சொல்லத் தெரியும்" என்று ஒரு பாட்டி, எந்த வருஷம் குன்றடியிலிருந்து தண்ணிக்கு எத்தனை எட்டு என்று சொன்னார்கள். மணல் ஒரே சீராக வளரவில்லை, சில வருஷம் முன்னேறி, சில வருஷம் பின்வாங்கியிருக்கிறது என்பது அந்தப் படங்களில் தெரிந்தது. மொத்தப் போக்கு மட்டும் மாறவில்லை.

அந்தத் திருநாள் இரவு, ராட்டினம் ஓய்ந்த பிறகு, கரையில் பெரியவர்கள் கொஞ்சம் பேர் உட்கார்ந்திருந்தார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். பேச்சு தூண்டில் வளைவுக்கு வந்தது. நம் மாவட்டத்துக் கடற்கரைகளில் எங்கே போனாலும் இந்தப் பேச்சு வரும். கடலுக்குள் கல்லைக் கொட்டி வளைவாகத் தடுப்புக் கட்டுவது. "இன்ன இடத்துல போட்டா மணலு நின்னுரும்னு நீ ஒரு வார்த்தை எழுதிக் குடு தம்பி. நம்ம ஊர்ப் பிள்ளை இஞ்சினியர் எழுதுனா அதுக்கு ஒரு மதிப்பு உண்டுல்லா" என்றார் ஒருவர்.

அவர்கள் கேட்டதில் தப்பே இல்லை. படகு புரண்டவன் மகன் நான், எனக்கும் அது வேண்டும். ஆனால் எழுதிக் கொடுக்க எனக்குக் கை வரவில்லை. காரணத்தைச் சொன்னேன். தடுப்பு ஒரு பக்கம் மணலைப் பிடித்து வைக்கும். மணல் எங்கிருந்தோ புதிதாக முளைப்பதில்லை. இங்கே பிடித்தால் அது போகவேண்டிய அடுத்த ஊருக்குப் போகாது. அங்கே கரை அரிக்கும். கட்டவே கூடாது என்று நான் சொல்லவில்லை. எங்கே, எவ்வளவு நீளம், அடுத்த ஊருக்கு என்ன ஆகும் என்று அளந்து பார்க்காமல் எழுத மாட்டேன் என்றேன். கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. "படிச்சு என்ன பிரயோஜனம்" என்று ஒரு குரல் வந்தது. எனக்குத் தலை நிமிரவில்லை.

அப்போது அப்பா பேசினார். நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர், ஊன்றுகோலால் மணலில் கோடு கிழித்துக்கொண்டே, "வடக்கதான் எம் மவளைக் குடுத்துருக்கு" என்றார். "நம்ம கரையில மணலை மறிச்சா அவ வீட்டுவாசல்ல கடல் நிக்கும்னா, அதை ஒரு தடவை அளந்து பாத்துட்டுத்தான் செய்யணும். அவன் சொல்லுதது சரிதான்."

அதற்குப் பிறகு யாரும் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, முதலில் என்னிடம் கேட்ட பெரியவரே, "சரி, அப்ப எப்படி அளக்கது, சொல்லு" என்றார்.

அளப்பதற்கு லட்சக்கணக்கில் கருவி வேண்டியதில்லை. 1961-இல் எமரி என்ற கடல்நிலவியலாளர் ஒரு எளிய முறையை எழுதிவைத்தார். ஒரே உயரத்தில் இரண்டு கம்பு, நடுவே ஒரு கயிறு. கம்புகளில் அளவு குறித்திருக்கும். கரைப்பக்கக் கம்பின் அருகே நிற்பவர், கடல்பக்கக் கம்பின் தலையும் தொடுவானமும் ஒரே கோட்டில் தெரியும்வரை கண்ணைத் தாழ்த்தவேண்டும். தன் கம்பின் தலையிலிருந்து கண் எவ்வளவு கீழே இருக்கிறதோ, மணல் அவ்வளவு இறங்கியிருக்கிறது. தொடுவானமே நமக்கு லெவல். கம்பை நகர்த்தி நகர்த்தித் தண்ணீர் வரை போனால் கரையின் சாய்வு முழுவதும் கிடைத்துவிடும். பத்தாம் வகுப்புப் பிள்ளை செய்யலாம்.

எங்கள் தெருப் பையன்களும் நானுமாக மதிற்சுவர் மூலையிலிருந்து தொடங்கினோம். மாதம் ஒருமுறை என்று திட்டம். நான் ஊரில் இல்லாத மாதங்களில் அவர்களே அளந்து நோட்டில் எழுதிப் படம் எடுத்து அனுப்புகிறார்கள். விட்டுப்போன மாதங்களும் உண்டு. தங்கச்சி ஊரிலும் இரண்டு பையன்கள் கம்பு எடுத்திருக்கிறார்கள். எங்களிடம் குறைகிறபோது அங்கே கூடுகிறதா என்று இனிமேல்தான் பார்க்கவேண்டும்.

அப்பாவால் இப்போது குன்றில் ஏற முடியாது, படகிலும் போவதில்லை. ஆனால் அளக்கிற நாளில் முதல் கம்பு அவர் கையில்தான். ஊன்றுகோலை ஒரு கையிலும் அளவுக்கம்பை மறு கையிலும் பிடித்துக்கொண்டு சுவர் மூலையில் நிற்பார். கம்பு கொஞ்சம் சாய்ந்தால்கூடப் பையன்களுக்கு முன்னால் அவரே நிமிர்த்திவிடுவார். கண்ணை மூடிக்கொண்டு படகு ஓட்டியவருக்குச் செங்குத்து எது என்று நாம் சொல்லித்தர வேண்டுமா?

நண்பர்களே, இந்த மேடையில் இதைச் சொன்னதற்கு ஒரு சுயநலம் உண்டு. நம் கல்லூரியில் சிவில் பிரிவு இருக்கிறது, ஒவ்வொரு ஆண்டும் சர்வே முகாம் நடக்கிறது. ஒரு ஆண்டு அந்த முகாமை எங்கள் கரையில் நடத்திக்கொடுங்கள் என்று முதல்வர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். மாணவர்கள் தங்க எங்கள் ஊரில் வீடு உண்டு, மீன்குழம்புக்கு நான் பொறுப்பு. குலசேகரப்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28-இல் அடிக்கல் நாட்டியிருக்கிறார்கள். இனி அந்தக் கரையைப் பற்றிப் பலரும் கேட்பார்கள், பலரும் பேசுவார்கள். அப்போது எங்கள் மக்கள் கையில் அவர்களே அளந்த ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கவேண்டும் என்பது என் ஆசை.

இரண்டாவது, இங்கே கடற்கரை ஊர்க்காரர்கள் பலர் இருக்கிறீர்கள். வேளாங்கண்ணி, நாகூர், திருச்செந்தூர், தூத்துக்குடி, உவரி. ஒவ்வொரு ஊரிலும் ஒரு திருவிழா உண்டு. வீட்டுக்குப் போனதும் சுவரில் உள்ள படங்களைக் கழற்றி ஆட்களுக்குப் பின்னால் பாருங்கள். திதி பார்த்து நடக்கும் விழாவாக இருந்தால் உங்களுக்கு என்னைப்போல 19 வருஷம் காத்திருக்கும் கஷ்டம்கூட இல்லை. திருச்செந்தூர் சூரசம்ஹாரம் எப்போதும் சஷ்டி, குலசை தசரா எப்போதும் தசமி, நிலா தானாகவே ஒத்துப்போகும். என்ன, குலசையில் சூரனை வதம் செய்வது கடற்கரையில் நள்ளிரவில். படத்தில் அலை தெரியாது, வேஷம்தான் தெரியும்!

அடுத்த முறை செப்டம்பர் 14-உம் அமாவாசையும் சேர்ந்து வருவது 2042-இல். என் மகளுக்கு அப்போது கல்யாண வயது தாண்டியிருக்கும். அந்தப் படத்தில் யார் யார் நிற்போம் என்று தெரியாது. மதிற்சுவர் மூலையில் ஒரு இடம் விட்டுவைத்திருக்கிறேன், நீங்களும் வாருங்கள். கரையை மறைக்காமல் நிற்கவேண்டும், அது ஒன்றுதான் நிபந்தனை.